அறுபது செகண்ட்

2003 ஆகஸ்ட் மாதம். புத்தம்புது கம்ப்யூட்டர் ஒன்று உங்கள் வீட்டில் வந்து இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி. டெலிபோன் ஒயரைப் பிடுங்கி மோடத்தில் சொருகி, அது கீச்சுகீச்சென்று கத்தி ஓய்ந்து, இண்டர்நெட்டும் வந்துவிட்டது. இன்னும் ஒரு வெப்சைட்டைக்கூட நீங்கள் திறக்கவில்லை. மெயில் பார்க்கவில்லை. ஃபிளாப்பி, சி.டி. எதையும் உள்ளே தள்ளவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள்.

திடீரென்று திரையில் ஒரு பெட்டி. இன்னும் அறுபது செகண்டில் இந்தக் கம்ப்யூட்டர் அணையப்போகிறது, செய்கிற வேலையைப் பத்திரப்படுத்திக்கொள்ளவும் என்கிறது. 59, 58, 57... எண்ணி முடித்து அணைகிறது. தானாகவே மறுபடி எழுந்து உட்காருகிறது. மறுபடி இண்டர்நெட் போனால் மறுபடி அதே பெட்டி!

உலகம் முழுக்க இதே கதைதான். ஆகஸ்ட் 11-ம் தேதி கிளம்பிய அந்த ஆசாமியின் பெயர் பிளாஸ்டர்.

வைரஸ் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இது வைரஸ் அல்ல, புழு. வித்தியாசம் முக்கியம். வைரஸ் பரவ வேண்டுமானால் நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும். 2000 மே மாதம் மணிலாவில் புறப்பட்டு உலகையே கலக்கிய 'ஐ லவ் யூ' சமாசாரம்கூட, காதல் கடிதம் என்று நம்பி யாராவது பிரித்தால்தான் வேலை செய்யும். அதனால்தான் 'தெரியாத மெயிலைத் திறக்காதே' என்று ஊரெல்லாம் உபதேசம் செய்தார்கள். பிளாஸ்டருக்கு அந்த உபதேசம் செல்லாது. நீங்கள் லைனில் இருந்தால் போதும்.

எப்படி?

கம்ப்யூட்டருக்குள் பல கதவுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. அதில் 135-ம் நம்பர் கதவுக்குப் பின்னால் விண்டோஸின் ஒரு சேவை காத்துக்கொண்டிருக்கும். வேறொரு கம்ப்யூட்டர் வந்து கதவைத் தட்டி, 'எனக்கு இந்த வேலையைச் செய்து கொடு' என்று கேட்டால் செய்து கொடுக்கும். பெரிய ஆபீஸில் நூறு கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள இது வேண்டும். நம் வீட்டில் ஒற்றையாக உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு எதற்கு? எதற்குமில்லை. ஆனால் 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி, ஆபீஸ்களுக்காகச் செய்த விண்டோஸின் வாரிசு. ஆபீஸ் கட்டடத்தை அப்படியே வீடாக மாற்றிக் கொடுத்தார்கள். அத்தனை கதவுகளோடும்.

அந்தச் சேவையில் ஓர் ஓட்டை இருப்பதை போலந்து ஆராய்ச்சிக் குழு ஒன்று கண்டுபிடித்து மைக்ரோசாஃப்டுக்குச் சொன்னது. ஜூலை 16 அன்று பேட்ச் வந்துவிட்டது. அதாவது ஓட்டையை அடைக்கும் ஒட்டு. இதில் ஒரு வில்லங்கம் பாருங்கள். ஒட்டு எந்த இடத்தில் விழுகிறது என்று கவனித்தால், ஓட்டை எங்கே என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும். சரியாக 26-வது நாள் புழு வந்தது.

அறுபது செகண்ட் பெட்டிகூட அது வேண்டுமென்று காட்டியதல்ல. உள்ளிருப்பது எந்த விண்டோஸ் என்று புழு ஒரு குத்துமதிப்பாகத்தான் நுழையும். கணக்குத் தப்பினால் அந்தச் சேவை செத்துவிடும். அது செத்தால் எக்ஸ்பி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். வந்த திருடன் பாத்திரத்தை உருட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் புது கம்ப்யூட்டர்காரரின் நிலைமையை யோசியுங்கள். பேட்ச் வேண்டுமானால் இண்டர்நெட்டுக்குப் போக வேண்டும். போனால் புழு. விஷயம் தெரிந்தவர்கள், ஸ்டார்ட், ரன் போய் 'ஷட்டவுன், ஓர் இடைவெளி, மைனஸ், ஏ' என்று அடித்தால் எண்ணிக்கை நின்றுவிடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அறுபது செகண்டுக்குள் அடிக்க வேண்டும்! இது போதாதென்று, ஆகஸ்ட் 16 முதல் பேட்ச் கிடைக்கும் அப்டேட் சைட்டையே தாக்கவும் புழுவுக்கு உத்தரவு இருந்தது. நல்லவேளை, அதை எழுதியவர் குறித்திருந்த விலாசம் அசல் சைட்டுக்கு ஆளை மாற்றி அனுப்பும் வாசல் மட்டுமே. மைக்ரோசாஃப்ட் அந்த வாசலையே இடித்துவிட்டது.

உள்ளே புகுந்து பிளாஸ்டரைக் கொன்று, பேட்சும் போட்டுவிட்டுப் போக இன்னொரு புழுவை யாரோ அனுப்பினார்கள். பெயர் வெல்ச்சியா. பரோபகாரி! அந்த உபகாரத்தில் நெட்வொர்க்குகள் மூச்சுத் திணறி, ஏர் கனடா விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்ட்டர்கள் தடுமாறின.

பிளாஸ்டரின் ஒரு நகலைத் தயாரித்து, அதில் தன் புனைபெயரையே போட்டு வைத்த 18 வயது அமெரிக்கப் பையன் அந்த மாதமே அகப்பட்டான். 18 மாதம் ஜெயில். அசலை எழுதியவர் தலைக்கு மைக்ரோசாஃப்ட் இரண்டரை லட்சம் டாலர் விலை வைத்தது. யாரும் வாங்க வரவில்லை.

ஆனால் எனக்கு ஆறாத விஷயம் வேறு. இந்தப் புழுவைத் தடுக்கும் சுவர், அதாவது ஃபயர்வால், எக்ஸ்பிக்குள்ளேயே இருந்தது. விலை கொடுத்து வாங்கிய பெட்டிக்குள், முதல் நாளிலிருந்து. ஆஃப் செய்து வைத்திருந்தார்கள். ஆன் செய்தால் சில புரோகிராம்கள் மக்கர் பண்ணும், ஜனங்கள் போன் போட்டுப் புலம்புவார்கள். எனவே ஆஃப். அதற்கான பட்டன் நெட்வொர்க் செட்டிங்குகளின் ஆழத்தில் எங்கோ ஒரு மூலையில். இனி வசதியைவிடப் பாதுகாப்புதான் முக்கியம் என்று பில் கேட்ஸ் தன் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதியது 2002 ஜனவரியில். பட்டனை யாரும் தொடவில்லை.

பிளாஸ்டர் தொட வைத்தது. அடுத்த விண்டோஸுக்காக உழைத்துக்கொண்டிருந்தவர்களை இழுத்து வந்து எக்ஸ்பியைப் பழுது பார்க்க உட்கார வைத்தார்கள். 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்தது. கேட்டவர்களுக்கு சி.டி.யாகவே இலவசமாக அனுப்பினார்கள். ஏனென்றால், பேட்ச் போடாத விண்டோஸ் இண்டர்நெட்டில் தாக்குப்பிடிக்கும் நேரம் சராசரியாக இருபது நிமிஷம் என்று சான்ஸ் என்கிற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அந்தச் சமயத்தில் கணக்குச் சொல்லியிருந்தது. டவுன்லோடு முடிவதற்குள் கதை முடிந்துவிடும்.

சர்வீஸ் பேக் 2 போட்டால் ஃபயர்வால் தானாக ஆன். பாப்-அப் விளம்பரங்களுக்கும் தடை. (இந்தப் பாப்-அப்பைக் கண்டுபிடித்த ஈதன் ஸக்கர்மன், 2014-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் ஆபாசப் பக்கத்தில் வந்துவிட்டதாம். இனி பக்கத்தோடு ஒட்டாமல் தனி ஜன்னலில் வரட்டும் என்று எழுதியதாம்.) கேட்காமல் எதையும் இன்ஸ்டால் செய்யாமல் ஒரு மஞ்சள் பட்டை குறுக்கே நின்றது. அதுவரை, ஜோக் சொல்லும் ஊதா நிறக் குரங்கு என்று குழந்தைகள் ஆசையாக இறக்கிக்கொண்ட பான்ஸி படி போன்றவை விளம்பரங்களைக் கொட்டிக்கொண்டிருந்தன. பெற்றோர் சம்மதமில்லாமல் குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்ததற்காக அந்தக் கம்பெனிக்கு அமெரிக்க அரசு 75,000 டாலர் அபராதம் போட்டது, அதே 2004-ல்.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ல் மைக்ரோசாஃப்ட் தலைமுழுகியது. மூன்று வருடம் கழித்து, 2017 மே 12 அன்று வானாக்ரை வந்தது. அதுவும் புழு. அதுவும் யாரும் தொடாமலே நுழைந்தது. அதற்கான பேட்சும் இரண்டு மாதம் முன்னால், மார்ச் 14-லேயே வந்திருந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன்களைத் தள்ளிப் போட்டார்கள். மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. ஆனாலும் புழு கிளம்பிய ஓரிரு நாளில், செத்துப்போன எக்ஸ்பிக்கும் ஒரு பேட்ச் வந்து சேர்ந்தது.