பேஸ் கிற்றாருக்கு ஒரு பெட்டி தேடின கதை

பேஸ் வாங்கப்போற ஆக்கள் முதலில கேட்கிற கேள்வி: "அம்ப் எத்தனை வோட்ஸ்?" பெட்டியைப் பற்றி ஒருத்தரும் கேட்கிறேல்ல. எழுபது வருசக் கதையைப் பார்த்தால், சிக்கல் முழுக்க அந்தப் பெட்டிக்குள்ளதான் கிடந்தது எண்டு தெரியும்.

1951 இல் லியோ ஃபென்டர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அதன் அடித்தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 41 தடவை அதிரும். சாதாரண கிற்றாரின் அடித்தந்தி 82. இவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சத்தமாகக் கொடுக்க நிறையக் காற்றைத் தள்ளவேணும். அடுத்த வருசம் ஃபென்டர் 'பாஸ்மன்' எண்ட அம்பைக் கொண்டுவந்தது: ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், முப்பது வோட்ஸ் கூட இல்லை. பிறகு அதையே நாலு 10 அங்குல ஸ்பீக்கரோடு, பின்பக்கம் திறந்த பெட்டியாக மாற்றினார்கள்.

பிழை அங்கதான். ஸ்பீக்கர் முன்னால தள்ளுகிற நேரம் பின்னால காற்றை இழுக்கும். பின்பக்கம் திறந்திருந்தால் இரண்டு அலையும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். இதில் முதலில அடிபடுவது தாழ்ந்த ஒலிதான். ஆக, பேஸுக்கெண்டு செய்த அம்ப் பேஸுக்குச் சரிவரேல்ல. கிற்றார்காரர் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆக்களும் 1962 அளவில் அந்தச் சுற்றைப் பார்த்துத்தான் ஜேடிஎம்45 ஐச் செய்தார்கள். றொக் கிற்றாரின் சத்தத்துக்கு மூலம் ஒரு பேஸ் அம்ப் எண்டால் சிரிப்பாத்தான் இருக்கு.

பேஸுக்கான பதில் அம்பெக் கம்பனியிடமிருந்து வந்தது. அதைத் தொடங்கிய எவரெற் ஹல் ஒரு டபுள் பேஸ்காரர். றொக் அண்ட் றோல் அவருக்குக் கண்ணில காட்டேலாது, ஒலி உடையாமல் வரவேணும் எண்டதில பிடிவாதம். 1960 இல் வந்த பி-15 ஐ ஜெஸ் ஒலிவர் வடிவமைத்தார். 25 வோட்ஸ், ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். பெட்டி மூடியது, அளந்து விட்ட ஒரு துவாரம் மட்டும். வேலை முடிய அம்பைக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே வைச்சு மூடிக்கொண்டு போகலாம். என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே புத்திசாலித்தனமான பொருள் இதுதான்.

ஆனால் மேடைகள் பெருத்துவிட்டன. 1969 இல் றோலிங் ஸ்ரோன்ஸின் அமெரிக்கப் பயணத்தோடு அம்பெக்கின் எஸ்விடி மேடையேறியது: 300 வோட்ஸ், 14 வால்வுகள். அதோட எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் வைச்ச மூடிய பெட்டி. ஆட்கள் அதை 'ஃபிரிட்ஜ்' எண்டே கூப்பிட்டார்கள். சின்ன ஸ்பீக்கர்தானே எண்டு நினைக்கவேண்டாம். எட்டின் பரப்பையும் கூட்டினால் ஒரு 15 அங்குலத்தின் மூன்றரை மடங்கு வரும். தூக்கிறதுக்குத்தான் இரண்டு பேர் வேணும்.

இப்ப கிளாஸ்-டி தொழில்நுட்பத்தால் 500 வோட்ஸ் அம்ப் மூன்று கிலோவுக்குள்ள வந்துவிட்டது, பையில போட்டுக்கொண்டு போகலாம். காற்றைத் தள்ளுகிற வேலை மட்டும் குறையேல்ல. வோட்ஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். அதே 3 டெசிபல், சென்சிற்றிவிற்றி கூடின ஒரு பெட்டியை மாற்றினாலே வந்துவிடும். பெட்டியில் 8 ஓம் எண்டு இருக்கும். அப்படி இரண்டை வழமைபோலச் சமாந்தரமாகக் கொழுவினால் அம்புக்கு 4 ஓம். அதைத் தாங்குமா எண்டு அம்பின் பின்பக்கத்தைப் பாருங்கோ.

பழைய பெட்டி வாங்கப்போனால் உங்கட பேஸையே கொண்டுபோங்கோ. தனிய வாசித்தால் எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் கேட்கும். ட்ரம்ஸுக்கு ஈடு குடுக்கிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி, அடித்தந்தியைத் தட்டிப்போட்டுப் பெட்டிக்குப் பின்னால போய் நில்லுங்கோ. ஆணி கழன்ற பலகை அப்பதான் கிரீச்சிடும்.