முதுகுல போடற ஊசியும் சில செம்மறியாடுகளும்

எங்க காத்திவாக்கத்துல சிசேரியன் ஆன எந்த அக்காவைக் கேட்டாலும் "முதுகுல ஊசி போட்டாங்கப்பா, அன்னிலேர்ந்து இடுப்பு வலி"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. ஊசிக்கு அடுத்த அஞ்சு நிமிஷத்தைப் பற்றி யாரும் பேசறதில்லை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆகட்டும், வேறெந்த தியேட்டர் ஆகட்டும், மயக்க டாக்டருக்கு அதுதான் கண்டம்.

அந்த மருந்து வலியை மட்டும் நிறுத்துவதில்லை. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளையும் தூங்க வைத்துவிடும். குழாய்கள் தளர்ந்து பிபி சர்ருனு இறங்கும். அம்மாவுக்குத் தலைசுற்றல், வாந்தி. கருப்பைக்குப் போகும் ரத்தம் அம்மாவின் பிபியை நம்பியே இருப்பதால் உள்ளே குழந்தைக்கும் மூச்சு முட்டும்.

1898ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் கொக்கேய்ன் வைத்து இந்த ஊசியை ஆரம்பித்தார். (அவரும் உதவியாளரும் ஒருத்தருக்கொருத்தர் குத்திப் பார்த்துவிட்டு தலைவலியோடு படுத்தது தனிக்கதை!) 1953ல் இன்னொரு வில்லன் பிடிபட்டான். நிறைமாதத்தில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய சிரையை அழுத்தி, ரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல் செய்கிறது. அதனால் இடது பக்கம் 15 டிகிரி சாய்த்துப் படுக்க வைத்தார்கள். 2015ல் ஜப்பானில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், 15 டிகிரியில் சிரை விரியவே இல்லை, 30 வேண்டுமாம்! முன்கூட்டியே சலைன் ஏற்றுவதும் தனியாகப் போதவில்லை.

மருந்து விஷயம்தான் எனக்குப் பிடித்த பகுதி. 1974ல் அமெரிக்காவில் சினைச் செம்மறியாடுகளில் நாலு மருந்துகளைச் சோதித்தார்கள். எஃபெட்ரின் கருப்பை ரத்தத்தைக் குறைக்கவில்லை, குழாயை நேராகச் சுருக்கும் மருந்துகள் குறைத்தன. அவ்வளவுதான், பல வருஷம் எஃபெட்ரின் ராஜா, ஃபினைல்எஃப்ரின் வகையறா தீண்டத்தகாதது. எங்க பாஷையில், ஒரு பழைய டெஸ்ட் ரிப்போர்ட்டை நம்பி ஒரு மாட்யூலையே தொடாமல் விட்ட கதை. நம்ம நாட்டில் ரொம்ப காலம் ஓடிய மெஃபென்டெர்மினும் அந்த நாலில் ஒன்று.

மனுஷர்களில் அளந்தபோது கதை தலைகீழ். எஃபெட்ரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் குழந்தையின் உடம்பையே முடுக்கிவிடுகிறது; தொப்புள்கொடி ரத்தத்தில் அமிலம் கூடுகிறது. 2002ல் ஹாங்காங் டாக்டர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், ஃபினைல்எஃப்ரின் கொடுத்த தாய்களின் குழந்தைகளுக்கு அமிலம் குறைவு. 2018ல் சர்வதேச நிபுணர் குழுவும் அதையே முதலில் வைத்தது. பிபி இறங்கும்வரை காத்திருக்காமல் ஊசி போட்ட உடனே பம்ப்பில் தொடங்கணும். மேல் அளவு பழைய பிபியில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. பம்ப் இல்லாத இடத்தில் சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக, நாடித்துடிப்பு ரொம்பக் குறைகிறதா என்றும் பார்த்துக்கொண்டே.