ஒளி உளியான கதை



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி நூலகத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியோடு புதுப்பித்தோம். புத்தக அடுக்குகளையும் சுவரில் பதிக்கும் அக்ரிலிக் எழுத்துகளையும், கடைகளுக்கு உள்ளலங்காரம் செய்து தரும் ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்திருந்தோம். எழுத்துகள் வந்து சேர்ந்தபோது அவற்றின் விளிம்புகள் கண்ணாடிபோல் மின்னின. சுவரில் பொருத்தி முடித்த மறுநாள் காலை, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “ஐயா, ‘நூல நிலையம’ என்றால் என்ன?” என்று கேட்டாள். புள்ளிகள் இரண்டையும் காணவில்லை!

தமிழ்ப்பள்ளியின் சுவரில் இப்படி ஒரு பிழை இருக்கலாமா? அன்று மாலையே பட்டறைக்குச் சென்றேன். அங்கு நான் கண்ட இயந்திரந்தான் இக்கட்டுரைக்குக் காரணம். லேசர் எனப்படும் சீரொளியால் பலகையை அறுக்கும் இயந்திரம் அது.

இவ்வொளியின் வரலாறு நெடியது. தூண்டப்பட்ட உமிழ்வு என்னும் கருத்தை ஐன்ஸ்டைன் 1917இல் வெளியிட்டார். அது கருவியாக உருப்பெற நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1960 மே 16ஆம் நாள், கலிபோர்னியாவின் மாலிபு நகரில் ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து முதல் சீரொளியைப் பெற்றார். அவருடைய கட்டுரையை அமெரிக்காவின் பெயர்பெற்ற இயற்பியல் இதழ் ஏற்க மறுத்துவிட்டது. பிறகு அது இங்கிலாந்தின் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. (விடைத்தாள் திருத்தும்போது நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு.) அக்காலத்தில் பலரும் இக்கருவியால் என்ன பயன் என்றே கேட்டனர்.

நம் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தது மாணிக்கச் சீரொளி அன்று. மராட்டிய மாநிலத்தின் பாராமதியில் 1938இல் பிறந்து, புனேயில் பொறியியல் பயின்று, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய குமார் படேல், 1964இல் கரியமில வாயுவைக் கொண்டு இயங்கும் சீரொளியை உருவாக்கினார். மரத்தையும் அக்ரிலிக்கையும் வெட்டுவது இன்றும் பெரும்பாலும் இவ்வகைதான். இதன் அலைநீளம் ஏறத்தாழ 10.6 மைக்ரோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இவ்வொளியை மரமும் அக்ரிலிக்கும் நன்கு உறிஞ்சிக்கொள்வதால், ஒளி குவிந்த இடம் நொடிப்பொழுதில் ஆவியாகிவிடுகிறது. மாணவர்களுக்கு மைமனைச் சொல்லும்போது படேலையும் சேர்த்துச் சொல்லலாமே!

1967இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே பீட்டர் ஹோல்ட்கிராப்ட் என்பார், ஒளிக்கதிரோடு ஆக்சிஜனையும் பீய்ச்சி ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். மரத்துக்கு இது வந்த வழிதான் எனக்கு வியப்பளித்தது. தளபாடம் செய்வோர் வழியாக அது வரவில்லை. அட்டைப்பெட்டி செய்வோர் வழியாக வந்தது. அட்டையை வெட்டவும் மடிக்கவும் கனமான ஒட்டுப்பலகையில் ஒடுங்கிய பள்ளங்கள் அறுத்து, அவற்றுள் எஃகுத் தகடுகளைச் செருகி அச்சு செய்வார்கள். மெல்லிய வாளால் கையால் அறுத்துவந்த அப்பள்ளங்களை 1970களில் சீரொளி அறுக்கத் தொடங்கியது. 1988இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எபிலாக் நிறுவனம் தோன்றியது. கணினியிலிருந்து அச்சிடுவதுபோல் எளிதாக இயக்கக்கூடிய சிறு இயந்திரங்கள் இத்தகைய நிறுவனங்களால் பரவின. பின்னர், 2000த்துக்குப் பிந்திய ஆண்டுகளில் சீனாவில் செய்யப்பட்ட கண்ணாடிக்குழாய் இயந்திரங்கள் மலிவாக வந்ததால், சிறு பட்டறைகளும் அவற்றை வாங்க முடிந்தது.

கடை உள்ளலங்காரத்தில் இது வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. பேரங்காடியில் கடையை வாடகைக்கு எடுப்பவர் சில வாரங்களுக்குள் திறந்தாக வேண்டும். ஐந்து கிளை என்றால் ஐந்திலும் ஒரே காட்சிப்பேழை, ஒரே எழுத்து வேண்டும். எட்டடிக்கு நான்கடிப் பலகையில் எல்லாத் துண்டுகளையும் நெருக்கமாக அடுக்கி வரைந்து, ஒரே மூச்சில் வெட்டிவிடலாம். அறுபது வயதைக் கடந்த பட்டறை உரிமையாளர் தம் இளமைக்காலத்தை எனக்கு விவரித்தார். ஒவ்வோர் எழுத்தையும் மெல்லிய வாளால் அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் தேய்த்து, மெருகேற்றுவாராம். அவருடைய வலக்கைப் பெருவிரல் சற்றே வளைந்திருந்தது. இப்பொழுது விளிம்பு உருகி ஆறும்போதே பளபளப்பு வந்துவிடுகிறது.

உலோக எழுத்துகளுக்கு வேறு வகை வேண்டும். ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அலைநீளங்கொண்ட இழைச் சீரொளி எஃகை எளிதில் வெட்டும். தெளிந்த அக்ரிலிக்கையோ ஊடுருவிச் சென்றுவிடும்.

இயந்திரத்தை இயக்கிய இளைஞர் நம் தமிழ்ப் பிள்ளைதான். ஆனால் தமிழ் படித்தவரல்லர். அவரிடம் புள்ளிகளைப் பற்றிக் கேட்டேன். அவர் இயந்திரத்தின் மேடையைக் காட்டினார். தேன்கூடுபோல் துளைகளால் ஆன மேடை அது. எழுத்துகள் மேலே தங்கிவிட்டன. தனித்து வெட்டப்பட்ட சிறு வட்டங்கள் இரண்டும் கீழே விழுந்து குப்பைத் தட்டில் கிடந்தன. ஆணி அடிக்கும் துளைகளின் கழிவு என்று அவர் எண்ணிவிட்டார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். வரைபடத்தோடு, எங்கே புள்ளி இருக்க வேண்டும் என்று காட்டும் முழு அளவுத் தாள் ஒன்றை நான்தான் தந்திருக்க வேண்டும்.

தட்டி வெட்டுவதில் சிக்கல் இன்னும் பெரிது. மரத்தட்டியில் எழுத்தைத் துளையாக வெட்டினால், ண, ன ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் பகுதியும் கழன்று விழும். அதைப் பிடித்துவைக்க மெல்லிய பாலங்கள் விட வேண்டும். சிக்குக் கோலத்தட்டிக்கோ கோட்டைத் தடித்த மரமாக நிறுத்தி, இடைவெளிகளை வெட்டி நீக்க வேண்டும். கோலப்புள்ளிகளைப் பிறகு தனியே ஒட்ட வேண்டும். கோலம் போட்டுப் பழகிய ஒரு பெண்மணி இதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்.

தம் மகனை இத்துறையில் சேர்க்கலாமா, எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிடாதா என்று ஒரு தந்தையார் அண்மையில் என்னிடம் கேட்டார். அப்பட்டறையில் அவ்விளைஞர் எனக்குக் காட்டியவற்றையே அவருக்கு விடையாகச் சொன்னேன். ஆறு மில்லிமீட்டர் என்று விற்கப்படும் ஒட்டுப்பலகை பெரும்பாலும் சரியாக ஆறு இருப்பதில்லை. ஒளிக்கதிரும் தன் அகலத்துக்கேற்ப ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கை எரித்துவிடும். இரண்டையும் அளந்து கணக்கிட்டு வரைந்தால்தான் ஆணியின்றிச் செருகும் அடுக்கு ஆடாமல் நிற்கும். பலகையின் உட்பசை தடித்த இடத்தில் கதிர் முழுதும் ஊடுருவாது. அமுக்குத் தூள்பலகையின் விளிம்பு கருகும். தேய்க்காமல் சாயம் பூசினால் அது பல்லிளிக்கும். பெயர்ப்பலகைகளுக்குப் பயன்படும் பி.வி.சி. நுரைப்பலகையை இவ்வியந்திரத்தில் வைக்கவே கூடாது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்பட்டு நுரையீரலைத் தாக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். பள்ளிகளில் இக்கருவியை வாங்க விரும்பும் ஆசிரியர்கள் இதை மறவாதிருக்க வேண்டுகிறேன். தீயணைப்பானும் புகை வெளியேற்றியும் இல்லாமல் வாங்கவே வேண்டா.

இத்தனையும் அறிந்த அவ்விளைஞருக்கு அன்று ‘ல’, ‘ல்’ வேறுபாட்டை நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். உரிமையாளர் குப்பைத் தட்டைக் கவிழ்த்து இரண்டு வட்டங்களையும் தேடி எடுத்துத் தந்தார். ஒன்றில் சிறு கீறல் விழுந்திருந்தது. மறுநாள் அம்மாணவியையே நாற்காலியில் ஏற்றி, நான் பிடித்துக்கொள்ள, ‘ல்’லின் புள்ளியை ஒட்டச் செய்தேன். கீறல் விழுந்ததை ‘ம்’மின் மேல் நான் ஒட்டினேன். அது சற்றே இடப்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது.