ஆல்ஃப்ரிஸ்டன் குருமனை: இடைக்கால இங்கிலாந்துப் பங்குக்குருவின் உறைவிடமும் வாழ்நிலையும்

முன்னுரை

இடைக்கால இங்கிலாந்தின் சமய வரலாறு பெரும்பாலும் பேராலயங்களையும் துறவியர் மடங்களையும் முன்னிறுத்தியே எழுதப்பட்டுள்ளது. ஊர்ப்பங்கில் வழிபாடு நடத்திய எளிய குருவின் வாழ்நிலையை அறிய, அவர் உறைந்த வீடும் சிறந்த சான்றாகும். கிழக்கு சசெக்ஸில் குக்மியர் ஆற்றை ஒட்டிய ஆல்ஃப்ரிஸ்டன் ஊரில், புனித அந்திரேயா ஆலயத்தின் அருகே அமைந்த குருமனை அத்தகைய சான்றுகளுள் ஒன்று. பொதுவாக 14ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் இம்மனையின் அமைப்பு, குருவின் சமூக நிலை குறித்து எதனை உணர்த்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டட அமைப்பு

இம்மனை, கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் மிகுதியாகக் காணப்படும் 'வீல்டன் கூடவீடு' என்னும் வகையைச் சார்ந்தது. நடுவே கூரைவரை திறந்த உயர்கூடமும், அதன் இருபுறமும் ஈரடுக்கு அறைகளும் அமைவது இவ்வகையின் இயல்பு. மேல்தள அறைகள் கீழ்ச்சுவரைக் கடந்து முன்னே நீண்டிருக்கும். மூன்று பகுதிகளையும் ஒரே கூரை மூடுவதால் கூடத்தின் முகப்பு உள்வாங்கியதாகத் தோன்றும். அங்குக் கூரை விளிம்பை வளைந்த மரத்தாங்கிகள் ஏந்தி நிற்கும்.

கருவாலி மரச்சட்டகம், வரிச்சுகளின் மேல் மண் அப்பிய சுவர், வேய்ந்த கூரை ஆகியவை இம்மனையின் கட்டுமானக் கூறுகள். கூடத்தின் தளம் சுண்ணக்கல்லை இடித்துக் கெட்டித்து, புளித்த பால் கொண்டு மெழுகப்பட்டதாகும். இத்தகைய வீடுகளில் தொடக்கத்தில் புகைபோக்கி இல்லை. கூடத்தின் நடுவே எரிந்த அடுப்பின் புகை கூரை வழியே வெளியேறியது. ஒருபுற அறைகள் உணவும் பானமும் சேமிக்கவும், மறுபுற அறைகள் வீட்டுத்தலைவரின் தனிவாழ்வுக்கும் பயன்பட்டன.

குருவின் வீடும் உழவரின் வீடும்

மேற்கண்ட அமைப்பில் சமயத்திற்கே உரிய கூறு எதுவுமில்லை என்பது கருதத்தக்கது. வளமான உழவரும் இதே அமைப்பிலான வீட்டிலேயே வாழ்ந்தனர். இவ்வொற்றுமைக்குப் பொருளியல் பின்புலம் உண்டு. பங்குக்குருவின் வருவாய், ஆலயத்திற்குரிய நிலத்திலிருந்தும் மக்கள் செலுத்திய தசமபாகத்திலிருந்தும் கிடைத்தது. தசமபாகம் தானியம், ஆட்டுக்குட்டி, கனி எனப் பொருளாகவும் செலுத்தப்பட்டமையால் குருவுக்கும் உழவரைப் போலவே சேமிப்பிடம் தேவைப்பட்டது.

ஆல்ஃப்ரிஸ்டன் ஆலயம் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிச்செல்ஹாம் அகுஸ்தீனியர் மடத்தின் உரிமைக்கு உட்பட்டது. இவ்வாறு மடங்களுக்கு உட்பட்ட பங்குகளில் தானியத்தின் பெரும் தசமபாகம் மடத்தைச் சேர, சிறு தசமபாகமே பொதுவாகப் பதிலிக்குருவுக்குக் கிட்டியது. எனவே அவர் மடத்தலைவரைவிட உழவருக்கே நெருக்கமான வாழ்நிலையில் இருந்தார் எனலாம்.

சாமர்செட்டின் மச்சல்னியில் 1308இல் எழுந்த குருமனையும் கூடவீடே. அது கல்லாலானது, ஆல்ஃப்ரிஸ்டன் மனை மரத்தாலானது. கட்டுபொருள் வட்டாரத்திற்கேற்ப வேறுபட்டபோதும் கூடத்தை மையமாகக் கொண்ட அமைப்பு மாறவில்லை. அக்காலக் குருக்கள் திருமண உறவற்றவர்கள். 1549ஆம் ஆண்டுச் சட்டம் குருக்களின் திருமணத்தை ஏற்றது. மேரி அரசியின் ஆட்சியில் அது நீக்கப்பட்டு, எலிசபெத் காலத்தில் திருமணம் மீண்டும் வழக்கானது. இதன்பின் குருமனை என்பது குடும்ப இல்லமாகவும் பொருள்பட்டது.

பாதுகாப்பு வரலாறு

19ஆம் நூற்றாண்டில் இம்மனை சிதைந்து, இடிக்கப்படும் நிலையை எட்டியது. வில்லியம் மோரிஸ் முதலானோர் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் கவனத்திற்கு ஊர்க்குரு இதனைக் கொண்டுசென்றார். ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகியோர் 1895இல் நிறுவிய நேஷனல் டிரஸ்ட் அமைப்பு, 1896இல் இதனை 10 பவுண்டுக்கு வாங்கியது. அவ்வமைப்பு விலைகொடுத்துப் பெற்ற முதல் கட்டடம் இதுவே. கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் பவல் இதன் செப்பனிடும் பணியை மேற்கொண்டார். பழமையைப் புதிதாகப் புனையாமல் எஞ்சியதைச் செப்பனிட்டுக் காப்பதே மோரிஸ் சங்கத்தின் கொள்கையாகும்.

முடிவுரை

'குருமனை' என்னும் பெயர் வீட்டின் உரிமையையும் பயன்பாட்டையும் சுட்டுகிறதே அன்றித் தனித்ததொரு கட்டட வகையைச் சுட்டவில்லை. பங்குக்குருவைத் திருச்சபையின் பணியாளராக மட்டுமன்றி, ஊரின் வேளாண் பொருளியலில் பங்குகொண்ட மனிதராகவும் காண ஆல்ஃப்ரிஸ்டன் மனை துணைசெய்கிறது. அது இடிக்கப்பட்டிருந்தால் ஆலயம் மட்டுமே எஞ்சியிருக்கும். வழிபாடு முடிந்து குரு திரும்பிச்சென்ற வாழ்வின் சான்று மறைந்திருக்கும். எளிய கட்டடங்களையும் வரலாற்று ஆவணங்களாகக் கொள்ள வேண்டியதன் தேவை இதனால் புலனாகிறது.