எடை பார்த்துத் தந்த உருண்டை

கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடி, 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை மதுரை மாவட்டத்து ஊர். இதைச் சொல்லக் காரணம் உண்டு. 1980ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழக அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் கால் வைத்தது அதே மதுரை மாவட்டத்தில், கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். அங்கே நடத்திப் பார்த்துவிட்டு மற்ற ஒன்றியங்களுக்கும் கொண்டுபோனார்கள்.

சின்னாளப்பட்டியில் டாக்டர் சௌந்தரம் 1947ல் இரண்டே படுக்கைகளோடு பிரசவ விடுதி தொடங்கினார். பிரசவம் நல்லபடியாக முடிந்தாலும், பால்குடி மறக்கும் பருவத்தில் பிள்ளை மெலிந்தால் யார் கவனிப்பது? ஆறு மாதம் முதல் மூன்று வயது வரைதான் ஆபத்து அதிகம், அரசு போடும் சாப்பாடு அந்தப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்று 1970களின் ஆய்வுகள் சொல்லின. பள்ளியில் சோறு போட்டால் பள்ளி செல்லும் பிள்ளைதானே சாப்பிடும்?

ஆகவே தராசு வந்தது. ஒவ்வொரு மாதமும் கிராமத்துக் கைக்குழந்தைகளைத் தூக்கித் தொங்கவிட்டு எடை பார்த்து அட்டையில் புள்ளி வைத்தார்கள். கோடு மேலே ஏறினால் சந்தோஷம், உருண்டை கிடையாது. ஏறாமல் நின்றால் மட்டும் தினமும் சத்துருண்டை. சுமார் 90 நாளில் எடை தேறிவிட்டால் அதுவும் நிறுத்தம். கர்ப்பிணிகளிலும் பாலூட்டும் தாய்மாரிலும் தேவைப்பட்டவர்களுக்கு உண்டு.

இதை நடத்தியவர் அந்தந்த ஊர்ப் பெண். படிப்பைப் பார்த்தார்கள், அவருடைய சொந்தப் பிள்ளைகள் திடமாக இருக்கிறார்களா என்றும் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை இது. அந்த ஊரில், அதே வருமானத்தில் பிள்ளையைத் தேற்றிக் காட்டியவள் சொன்னால்தானே இன்னொரு தாய் காது கொடுப்பாள்!

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்து நம் பிள்ளைக்கு இல்லை என்றால் எந்தத் தாய்க்கும் மனம் கசக்கும். ஆனாலும் அந்தக் கறார் சரிதான் என்பேன். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுக்குக் கிடைத்த கைதட்டல் இந்தத் தராசுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் தராசு போன ஊர்களில் கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாகப் பின்னால் வந்த மதிப்பீடுகள் கூறின.

ஆயக்குடி, பழநிப் பக்கத்து வீடுகளில் அந்த எடை அட்டை இன்னும் பத்திரமாக இருந்தால், அதன் நகலை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். தராசு பிடித்த அக்காமார் யாரேனும் இதைப் படித்தால் அவர்களும் எழுதட்டும்.