வைத்தியம் கற்ற நோயாளிகள்

செவ்வாய்க் கிரகத்து ஜீவன்கள் லண்டனைத் தாக்கிய கதையை எழுதிய எச். ஜி. வெல்ஸ், சர்க்கரை வியாதிக்காரர். அது மட்டுமல்ல, அந்த வியாதிக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் கண்டவர்களில் அவரும் ஒருவர். நாவலாசிரியர் ஒருவர் உருப்படியாக ஒரு காரியம் செய்தார் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவருக்குக் கூட்டாளி, ஆர். டி. லாரன்ஸ் என்ற லண்டன் டாக்டர். அவருக்கும் அதே வியாதி. 1920-ல் தெரிய வந்தது. அன்றைக்கு மருந்து ஏது? பட்டினி போடுவதே சிகிச்சை. வீட்டார் கண்ணெதிரில் சாக மனமில்லாமல் இத்தாலிக்குப் போய், பிளாரன்ஸ் நகரத்தில் சாவை எதிர்பார்த்துக் காத்திருந்தார். 1923-ல் தந்தி வந்தது. இன்சுலின் கிடைத்துவிட்டது, பலிக்கிறது, சீக்கிரம் புறப்படு என்று சொன்னது அது. திரும்பி வந்தார்; ஊசி போட்டுக்கொண்டார்; 1968 வரை வாழ்ந்தார்!

ஆனால் இன்சுலின் விசித்திரமான மருந்து. குறைந்தால் பயனில்லை, மிஞ்சினால் மயக்கம். சாப்பாட்டுக்குத் தக்கபடி அளவு மாற வேண்டும். ஒவ்வொரு வேளையும் பந்தியில் டாக்டரா வந்து உட்காருவார்? நோயாளியே கணக்குப் படிக்க வேண்டியிருந்தது. சிறுநீரைப் பெனடிக்ட் திரவத்தில் கலந்து காய்ச்சுவார்கள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை; பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாற மாற ஆபத்து. டாக்டருக்கும் நோயாளிக்கும் பொதுவாக லாரன்ஸ் 1925-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1934-ல் அவரும் வெல்ஸும் சேர்ந்து சங்கத்தைத் தொடங்கினார்கள்.

இருந்தாலும் சிறுநீர் சொல்வது பழைய சமாசாரம். ரத்தத்தில் இந்த நிமிஷம் என்ன என்று அது சொல்லாது.

அதைத் தெரிந்துகொண்டவர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க என்ஜினீயர். பன்னிரண்டு வயதில் பிடித்த வியாதி. முப்பது தாண்டியதுமே உடம்பு பல விதத்தில் கெட்டிருந்தது. 1969-ல் ஒரு தொழிற்பத்திரிகையில் விளம்பரம் பார்த்தார்: ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் கருவி. இராத்திரியில் நினைவின்றிக் கொண்டுவரப்படுகிறவன் குடிகாரனா, நீரிழிவுக்காரனா என்று ஆஸ்பத்திரிகள் அறிவதற்காகச் செய்தது. எடை மூன்று பவுண்டு, விலை சுமார் 650 டாலர். நோயாளிகளுக்கு விற்க மாட்டார்கள். நல்லவேளை, அவர் மனைவி டாக்டர். அவர் பெயரில் வாங்கிவிட்டார்கள்!

தினம் ஐந்து முறை விரலைக் குத்தி எழுதி வைத்தார். எந்தக் கவளம் எவ்வளவு ஏற்றுகிறது, எந்த ஊசி எவ்வளவு இறக்குகிறது என்று, இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர்போலத் தம்மையே பார்த்தார். உடம்பு தேறிற்று. கட்டுரை எழுதி வைத்தியப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார், திரும்பி வந்தது. திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரையின் கசப்பு எழுத்தாளர்களுக்குத் தெரியும். நாங்கள் அடுத்த பத்திரிகைக்கு அனுப்புவோம். இவரோ நாற்பத்தைந்தாம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்! 1983-ல் டாக்டரானார். சர்க்கரையை இயல்பான அளவுக்கு அருகில் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடுவது குறையும் என்று, 1,441 பேரை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சி 1993-ல் நிரூபித்தது. 2025-ல் தொண்ணூறாவது வயதில் காலமானார்.

அவருக்குப் பின்னும் அந்த வம்சம் நிற்கவில்லை. டானா லூயிஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் சர்க்கரைக் கருவியில் அபாயமணி உண்டு. ஆனால் தூக்கத்தில் அவரை எழுப்பும் அளவுக்குச் சத்தம் போதாது. நோயாளிக் குழந்தை ஒன்றின் தகப்பனார், கருவியிலிருந்து எண்களை வெளியே எடுக்கும் வழியைக் கண்டு, மற்றவர்களுக்கும் கொடுத்தார். அதை வைத்து இவர் உரக்கக் கத்தும் மணி செய்துகொண்டார். பிறகு இன்சுலின் அளவைத் தானே சரிசெய்யும் அமைப்பையும் நண்பர்களோடு உருவாக்கினார். அதன் செய்முறையை 2015-ல் இலவசமாக வெளியிட்டார்கள். கருவியாக விற்கவில்லை, வேண்டியவர் படித்து, தமக்குத் தாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.