மழுங்கிய கட்டரும் ஒரு கடிகாரமும்

பூனாவுக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. 1869-ல் வெடிபொருள் தொழிற்சாலை தொடங்கிய கட்கி பக்கம் போனால், காதில் தமிழ் விழாமல் திரும்ப முடியாது. எங்கள் கீழ்வீட்டுப் பெரியவரும் நம்மூர்க்காரர்தான், ஆற்காடு. வேறொரு ஊர் ஆலையில் தோட்டா உறைகளை வெட்டும் மெஷினில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்.

போன ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே, "ஐயா, கட்டர் மழுங்கினது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"முதல்ல காதுக்குத் தெரியும்பா. அப்புறம் விரலுக்கு. அளவுகோலுக்குக் கடைசியாத்தான் தெரியும்" என்றார்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தோட்டா உறை என்பது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. கிண்ணம் போன்ற துண்டை அச்சுகளில் படிப்படியாக இழுத்து நீட்டுவார்கள். இழுத்து முடித்ததும் வாய் மேடுபள்ளமாக இருக்கும். அதைச் சரியான நீளத்துக்கு வெட்டுவதுதான் அந்த மெஷினின் வேலை. 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவின் உறை ஏறக்குறைய 51 மி.மீ. நீளம். கட்டர் மழுங்கினால் வெட்டாது, தேய்க்கும். வாயில் பிசிறு நிற்கும், நீளம் மாறும். உறை நீண்டுபோனால் துப்பாக்கி அறைக்குள் அதன் வாய் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் ஆபத்தாக ஏறும். மயிரிழை விஷயம்தான், ஆனால் சுடுகிறவன் முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற விஷயம்.

கட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று முறையாகக் கணக்குப் பார்த்தவர் அமெரிக்கரான ஃபிரெடரிக் டெய்லர். 1880-ல் ஃபிலடெல்ஃபியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் ஆரம்பித்து 26 வருஷம் சோதித்தார். எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல் எஃகும் இரும்பும் சீவலாய் உதிர்ந்தன. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் கட்டரின் ஆயுள் பெருமளவு குறையும் என்பதை ஒரு சூத்திரமாக 1906-ல் வெளியிட்டார். அதற்கு முன்பே மான்செல் ஒயிட்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அதிவேக எஃகு, 1900 பாரிஸ் கண்காட்சியில் முனை சிவக்கச் சிவக்க வெட்டிக் காட்டியது.

இதுவரை எல்லாம் நல்லதுதான். ஆனால் டெய்லர் இன்னொன்றும் சொன்னார்: தொழிலாளி தன் கட்டரைத் தானே சாணை பிடிக்கக் கூடாது, டூல் ரூமில் ஒரே அளவாகத் தீட்டித் தர வேண்டும். எப்படி வெட்டுவது என்ற முடிவும் மேலிடத்துக்குப் போனது. 1911-ல் மசாசூசெட்ஸின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில், ஸ்டாப்வாட்ச்சால் நேரம் கணக்கிட்டதை எதிர்த்து வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய், 1915-ல் ராணுவ ஆலைகளில் ஸ்டாப்வாட்ச்சுக்குத் தடை வந்தது.

இதை எழுதும்போது என் பழைய பாவம் ஒன்று உறுத்துகிறது. முதல் வேலையில், இத்தனை உருப்படிக்கு ஒரு கட்டர் என்று கணக்குப் போட்டு மெஷினில் ஒட்டி வைத்தேன். ஒரு நாள் மதிய ஷிஃப்டில் ஆபரேட்டர், "சார், சத்தம் மாறுது, மாத்திடலாம்" என்றார். "கணக்குப்படி இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை இரண்டு தட்டு உருப்படிகள் பிசிறோடு கழிவுக்குப் போயின. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

டெய்லரின் சூத்திரம் தப்பில்லை. என் கணக்கும் ரொம்பத் தப்பில்லை. சராசரிக் கட்டருக்கு அது சரி, அன்றைக்கு மெஷினில் இருந்த கட்டருக்குத்தான் பொருந்தவில்லை.

கதையைக் கீழ்வீட்டு ஐயாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "முப்பது வருஷத்துல என்னை ஒருத்தரும் இப்படி உக்கார வெச்சு கேட்டதில்லப்பா" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அப்பாவோ தாத்தாவோ இருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போனால் அவரை உட்காரவைத்துக் கேளுங்கள். கேட்டதை எழுதியும் வையுங்கள்.